எங்கள் குழந்தைக்கு மட்டும்

ஹெட்விக்குக்கு நாள் நெருங்குவதற்கு வெகு முன்னதாகவே வலி எடுத்துவிட்டது. பிப்ரவரி மாதம். துறைமுகத்து ஓரங்களில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை. மீன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். கடைக்காரரே தன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து மருத்துவமனை வாசலில் விட்டார். அதே கட்டடத்தின் மேல்மாடியில் அவளுடைய அப்பா எஸ்கில், கையுறை விற்கும் கம்பெனிக்காரர் ஒருவரோடு வாதாடிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்து அவர் படியிறங்கி ஓடி வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. ஒரு ரொட்டி எடைதான் இருந்தது.

எஸ்கில் அந்த மருத்துவமனையின் கொள்முதல் தலைவர். ஊசியிலிருந்து தரை துடைக்கும் திரவம் வரை எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று முடிவு செய்கிறவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் விலையை மட்டும்தான் பார்த்தார். வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் கருவிகளைக் கழுவுகிற அறையில் வேலை செய்த பெண்கள் மூச்சுத் திணறி ஒருவர் பின் ஒருவராக வேலையை விட்டுப் போனார்கள். அவர்கள் கையை முக்கிய கிருமிநாசினியைக் குறைந்த விலையில் பிடித்து வந்தது தான்தான் என்று புரிந்த அன்று மனிதர் மாறினார். அதன்பிறகு எந்தப் பெட்டி வந்தாலும் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கேட்பார். சொல்ல மறுக்கும் கம்பெனிக்கு ஆர்டர் கிடையாது. "எஸ்கில் வர்றாரு, பிளாஸ்டிக்கை ஒளிச்சு வைங்க" என்று வார்டுகளில் கேலி செய்வார்கள். அவருக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது.

குறைமாதக் குழந்தைகள் பிரிவுதான் அவருடைய பெரிய பெருமை. அங்கே இருக்கும் பிள்ளைகளுக்குப் பால் உறிஞ்சத் தெம்பு கிடையாது. மூக்கு வழியாக வயிற்றுக்கு மெல்லிய குழாய் விட்டு, தாயின் பாலை அதில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். முன்பெல்லாம் அந்தக் குழாய் வளைந்து கொடுப்பதற்காகத் தாலேட் என்ற ரசாயனத்தைப் பிளாஸ்டிக்கில் கலந்திருந்தார்கள். அது பிளாஸ்டிக்கோடு ஒட்டி நிற்பதில்லை, மெதுவாகப் பாலில் இறங்கும். வளரும் உடம்பின் ஹார்மோன்களைக் குழப்பும் என்று மருத்துவர்கள் அஞ்சுகிற பொருள். எஸ்கில் ஊர் ஊராக அலைந்து, தாலேட் இல்லாத குழாய் செய்கிற கம்பெனியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். பிரிவின் கண்ணாடிக் கதவில் ஒரு பச்சைப் பலகை ஏறியது: "நம்மில் மிகச் சிறியவர்களைத் தீங்கான ரசாயனம் இங்கே தொடாது." ஆஸ்திரியாவிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் ஆட்கள் வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கோபன்ஹேகனில் மேடையேற்றி விருது கொடுத்தார்கள்.

அந்தக் கதவைத் தாத்தாவாக அவர் திறந்தது அதுதான் முதல் தடவை.

ஹெட்விக் சாய்வு நாற்காலியில் சட்டையைத் திறந்து குழந்தையை மார்போடு அணைத்துப் படுத்திருந்தாள். மேலே ஒரு போர்வை. அதற்குள்ளிருந்து சின்னக் கம்பளித் தொப்பி மட்டும் தெரிந்தது. அவளுடைய துணைவன் ஆர்விட் வீட்டில் இருந்தான். மூத்த பிள்ளைக்குச் சளி, அதனால் இருவரையும் உள்ளே விடவில்லை. பக்கத்து நாற்காலியில் தாடிவைத்த ஒரு வாட்டசாட்டமான ஆள் சட்டையில்லாமல் கிடந்தான். அவன் மார்பிலும் ஒரு தொப்பி. ஹெட்விக்கின் குழந்தையே கைக்குள் அடங்கும், அது அதையும்விடச் சின்னது.

"அப்பா, இது யோர்மா. ஃபின்லாந்து கப்பல்ல மெக்கானிக். அது அவங்க பையன் ஓன்னி" என்று ஹெட்விக் கிசுகிசுத்தாள். பிறகு யோர்மாவைப் பார்த்து, "நான் சொன்னேனே, இவர்தான் எங்க அப்பா. இந்த வார்டுல ஒரு விஷமும் வராம பண்ணினவர்" என்றாள். களைத்துப்போன முகத்தில் பெருமை வழிந்தது.

"ஓ, நீங்கதானா அது!" யோர்மா குழந்தை அசையாமல் ஒரு கையை மட்டும் நீட்டினான். "எழுந்து நின்னு வணக்கம் சொல்லணும். ஆனா முதலாளி மேல படுத்துத் தூங்கறாரு, அசைஞ்சா வேலை போயிடும்."

எஸ்கில் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்தார். எண்ணெயும் இரும்பும் பழகிய முரட்டுக் கை.

"என் பொண்டாட்டி இன்னும் மாடியில தீவிர சிகிச்சையில இருக்கா. எனக்கு இதெல்லாம் புரியாதுங்க. இத்தனை வயர், இத்தனை குழாய். உங்க பொண்ணு சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. யாரோ ஒருத்தர் எல்லாத்தையும் பார்த்துதான் வாங்கியிருக்காருன்னு. ரொம்ப நன்றிங்க."

அப்போது பெரித் தள்ளுவண்டியோடு வந்தாள். அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ். எஸ்கிலும் அவளும் எத்தனையோ கூட்டங்களில் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட்டுச் சிநேகமானவர்கள்.

"தாத்தாவுக்கு வாழ்த்து! கை கழுவினியா? நல்லாக் கழுவினியா? சரி, தள்ளி நில்லு. ஓன்னிக்குக் குழாய் மாத்தணும்."

அவள் பழைய குழாயை ஒரே இழுப்பில் எடுத்துத் தட்டில் போட்டாள். பிரிக்காத பாக்கெட் ஒன்றைக் கிழித்தாள். எஸ்கில் பழக்கதோஷத்தில் தட்டில் கிடந்ததை எடுத்துப் பார்த்தார். விரலில் சுற்றினார். அது சுற்றவில்லை. துடைப்பக் குச்சி மாதிரி விறைத்து நின்றது.

 எத்தனை மேடைகளில் அவரே இதைச் செய்து காட்டியிருக்கிறார்! ஒரு கையில் பிரிக்காத குழாய், மறு கையில் சில நாள் குழந்தையின் வயிற்றில் இருந்த குழாய். "பாருங்கள், ஏன் விறைத்துவிட்டது? மென்மையாக்கிய ரசாயனம் இதில் இப்போது இல்லை. எங்கே போயிற்று?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். அரங்கம் அடங்கிப்போகும். தாலேட் இல்லாத குழாய் வாரக்கணக்கில் கிடந்தாலும் இப்படி ஆவதில்லை.

"பழைய காலத்து மாதிரி விறைக்குதுல்ல?" என்றாள் பெரித், கையிலுள்ள வேலையை விடாமல். "மூணு நாளைக்கு ஒருதரம் மாத்தச் சொல்லி பாக்கெட்ல போட்டிருக்கு. கம்பெனி பாக்கெட்டை மாத்திட்டாங்கன்னு ஸ்டோர்ல சொன்னாங்க. உன்கிட்ட கேக்கணும்னு நினைச்சேன், மறந்தே போச்சு. நீ வாங்கறதுதானே, பார்த்துதான் வாங்கியிருப்பேன்னு விட்டுட்டேன்."

வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். ஒரு வாக்கியம் போதும். யோர்மா புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தான். ஹெட்விக் கண்ணை மூடிக் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் பார்க்கறேன்" என்றார் எஸ்கில்.

நடந்தது இதுதான். அக்டோபரில் தாலேட் இல்லாத குழாய் செய்யும் கம்பெனியில் ஒரு இயந்திரம் நின்றுபோனது. மற்ற அளவுகள் வந்தன. இந்தப் பிள்ளைகளுக்கான மிக மெல்லிய குழாய் மட்டும் வரவில்லை. எஸ்கில் மருத்துவமனை இயக்குநர் பிர்கரின் அறைக்குப் போனார்.

"தற்காலிகம்தானே எஸ்கில்" என்றார் பிர்கர். "பழையதைக் கொஞ்ச நாளைக்கு வாங்கிப் போடு. சட்டப்படி தடை ஒண்ணும் இல்ல. எத்தனையோ ஊர்ல அதைத்தான் போடறாங்க."

"வார்டுல சொல்லிடலாமா?"

"சொல்லு. அவங்க பெத்தவங்ககிட்டச் சொல்லுவாங்க. பெத்தவங்க பத்திரிகைக்குச் சொல்லுவாங்க. அடுத்த மாசம் நீ கோபன்ஹேகன் மேடையில நிக்கப் போற. அங்க போய் என்ன பேசுவ? பலகையைக் கழட்டி வெச்சுட்டு வந்திருக்கேன்னா?"

எஸ்கில் சிரித்தார். மறுத்துப் பேசவில்லை. கோபன்ஹேகனில் அவர், "எங்கள் பிரிவில் விதிவிலக்கு என்று ஒன்று கிடையாது" என்று சொன்னார். கைதட்டல் வந்தபோது ஒரு நொடி உள்ளே ஏதோ உறுத்தியது. திரும்பிப் போனதும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். வந்த பிறகு வேறு வேலைகள் வந்தன. கிறிஸ்துமஸ் வந்தது. யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காத விஷயம் மெல்ல மெல்ல இல்லாத விஷயமாகிவிட்டது. மகளின் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று அந்தக் குச்சியைத் தொடும்வரை அவர் அதை மறுபடி ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. தன்னையே அவரால் நம்ப முடியாமல் போனது இதில்தான்.

மேலே தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கம்பெனிக்குப் பேசினார். வசந்தம் வரை வராது என்றார்கள். பிறகு வடக்கே, கடற்கரையோரம் ஒரு மணிநேரப் பயணத்தில் இருக்கும் இன்னொரு மருத்துவமனையில் தன்னைப் போலவே கொள்முதல் பார்க்கும் ரூனேவைக் கூப்பிட்டார்.  வானிலை பற்றிப் பேசினார். ரூனேவின் படகு பற்றிக் கேட்டார்.

"என்ன வேணும்னு சொல்லு எஸ்கில்" என்றார் ரூனே. "என் படகைப் பத்தி நீ ஒருநாளும் கேட்டது கிடையாது."

சொன்னார்.

"மெல்லிசு குழாயா? இருக்கே! நாங்க கோடையிலேயே சேர்த்து வாங்கி வெச்சுட்டோம். அக்டோபர்லேர்ந்தா உங்ககிட்ட இல்ல? ஏன்யா முன்னாடியே கேக்கல? தூக்கிக் கொடுத்திருப்பேனே."

 எஸ்கில் கேட்டிருந்தால் தன்னிடம் குழாய் இல்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். நாட்டின் மேற்குக் கடற்கரை முழுவதற்கும் வழிகாட்டி என்று பெயர் வாங்கியவர், அண்டை ஊர்க்காரரிடம் கை நீட்டியதாக ஆகும். காரணம் அவ்வளவுதான். அது எவ்வளவு சின்னக் காரணம் என்று நினைத்து அவருக்குக் காது சுட்டது.

"சரி, இப்போ கைவசம் ஒரு கட்டு பிரிச்சது கிடக்கு, அதை எடுத்துட்டுப் போ. பெரிய பெட்டி கிடங்குலேர்ந்து வரணும், ரெண்டு மூணு நாள்ல அனுப்பறேன்" என்றார் ரூனே.

மறுநாள் காலை பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. எஸ்கில் காரை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கட்டை வாங்கி வந்தார். திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் நின்று காபி குடித்தார். வண்டிக்கு வந்தவர், பன் வாங்கிய காகிதப் பையைக் காலி செய்து, குழாய்க் கட்டை அதற்குள் வைத்து மேலே மடித்தார். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பெரித்தைத் தனியாகப் பார்த்து, நம் குழந்தைக்கு இதைப் போடு என்று காதில் சொல்லிவிடலாம் என்பதுதான் மனதில் இருந்த திட்டம். பெரிய பெட்டி வந்ததும் எல்லாருக்கும் மாறிவிடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் வார்டுக்குள் நுழைந்ததும் பெரித் எதிரே வந்து பையைப் பறித்துக்கொண்டாள்.

"பன்னா? தாத்தான்னா இப்படித்தான் இருக்கணும்!" என்று பிரித்தவள், "அட, குழாய்! நமக்கு முன்னாடி வந்த நல்ல குழாய்தானே இது? எங்கே பிடிச்ச? விறைக்குதுன்னு நான் சொன்னதுக்காகவா? பரவாயில்லையே நீ!" என்றாள். கட்டைப் புரட்டிப் பார்த்தாள். "கொஞ்சம்தான் இருக்கு. சரி, ஓன்னிக்கு முதல்ல. வார்டுலயே அவன்தான் பொடியன். மூக்கெல்லாம் வேற புண்ணாயிருக்கு."

"இல்ல பெரித். அது எங்க குழந்தைக்கு மட்டும்."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவருக்கே தெரிந்தது. மெதுவாகச் சொல்லவும் இல்லை. அந்த அறையில் எல்லோரும் கிசுகிசுத்துப் பேசுகிறவர்கள். சாதாரணக் குரலே அங்கே கத்தல்தான்.

யோர்மா தலையைத் திருப்பினான். "எது உங்க குழந்தைக்கு மட்டும்?"

 எங்கோ ஒரு இயந்திரம் இரண்டு தடவை ஒலித்து அடங்கியது.

"நான் கேக்கறேன்ல. என் பையனுக்குக் கூடாத அளவுக்கு அதுல என்னங்க இருக்கு?"

"இதுல... இதுல தாலேட் இல்ல" என்றார் எஸ்கில்.

"எதுலயும் இல்லன்னுதானே கதவுல போட்டிருக்கு? அப்போ என் பையன் மூக்குல இருக்கறது என்ன?"

"பழைய வகை."

"நீங்க ஒழிச்சுட்டீங்கன்னு உங்க பொண்ணு சொன்னாங்களே, அது இருக்கற வகையா?"

"ஆமா."

பெரித் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள், எஸ்கிலைப் பார்த்தாள்.  "எப்போலேர்ந்து?" என்றாள்.

"நேத்துதான் நான்..." என்று ஆரம்பித்தார் எஸ்கில். நேற்றுதான் கவனித்தேன் என்று முடித்திருக்கலாம். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் ஹெட்விக் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பல் மருத்துவரிடம் போகும் வழியில் "வலிக்குமாப்பா?" என்று கேட்டுவிட்டுப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"அக்டோபர்லேர்ந்து" என்றார். "எனக்கு அப்பவே தெரியும். நான்தான் வாங்கினேன்."

யோர்மா கத்தவில்லை. மார்பில் பிள்ளை தூங்கியது. அவன் தன் வலது கையைத் தூக்கி அதன் உள்பக்கத்தைப் பார்த்தான், ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல.

"நேத்து நன்றி சொல்லிக் கையை நீட்டினேன். நீங்களும் பிடிச்சுக் குலுக்கினீங்களே! ஒண்ணுமே தெரியாத ஆள் மாதிரி. அதுக்கு அப்புறம் உங்க பேத்திக்கு மட்டும் பன் பையில ஒளிச்சு எடுத்துட்டு வர்றீங்க." அவன் கசப்பாகச் சிரித்தான். "எங்க கப்பல்லயும் இப்படி ஒரு கேப்டன் இருந்தார். லைஃப் போட் எங்கே இருக்குன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும்."

"யோர்மா, நான் எல்லாருக்கும் வர வெச்சிருக்கேன். ரெண்டு மூணு நாள்ல..."

"அப்பா." ஹெட்விக்கின் குரல் காற்றளவுதான் வந்தது. "இந்த அறைக்கு வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் உன்னைப் பத்திச் சொன்னேன். பிள்ளை பொழைக்குமான்னே தெரியாதப்போ நான் சொல்லிக்க ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. எங்கப்பா பண்ணின வார்டுல இருக்கோம்னு."

"ஹெட்டா, நான்..."

"குழந்தை தூங்கறா. என்னால கத்த முடியல. எழுந்து போகவும் முடியல. அதனால நீ போயிடுப்பா. தயவுசெஞ்சு போ."

எஸ்கில் வெளியே வந்தார். கண்ணாடிக் கதவு பின்னால் மூடிக்கொண்டது. பலகையை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெரித்தும் வெளியே வந்தாள்.

"ஓன்னிக்கு மாத்திட்டேன். உன் பொண்ணு குழந்தைக்கும் நாளைக்கு முறை வரும்போது மாத்துவேன். எடை பார்த்துதான் கொடுப்பேன், பேரு பார்த்து இல்ல."

"சரி பெரித். நீ செய்யறதுதான் சரி."

"சரியா தப்பான்னு நீ சொல்லாத." அவள் கண் கலங்கியிருந்தது. "அக்டோபர்லேர்ந்து இங்க வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தக் கையாலதான் அதை உள்ள விட்டிருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலு ஊருக்கு நானே ஃபோன் போட்டிருப்பேன். என்னையும் உன் பொய்யில பங்காளியாக்கிட்டியே, எனக்கே தெரியாம."

அவள் உள்ளே போய்விட்டாள். எஸ்கில் அங்கேயே நின்றார். அந்த வழியாகப் போன இளம் மருத்துவர் ஒருத்தி, "தாத்தா ஆயிட்டீங்களாமே, வாழ்த்துகள்!" என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் போனாள். அவர் நன்றி சொன்னார்.

அன்று மதியமே பிர்கரிடம் போனார். பிர்கர் முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவை உருட்டினார்.

"ஒரே ஒரு அப்பாவுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. நான் அவரோட பேசறேன். பெட்டியும் வரப் போவுது. இதைத் தம்பட்டம் அடிச்சு யாருக்கு என்ன லாபம்? வீட்டுக்குப் போயிட்ட பிள்ளைகளோட அப்பா அம்மா எல்லாம் தூக்கம் இல்லாம தவிக்கணுமா? யோசிச்சுப் பாரு."

அந்த வாதம் எஸ்கிலுக்கு நன்றாகவே தெரியும். மாதக்கணக்கில் அதற்குள்தான் சௌகரியமாகக் குடியிருந்தார்.

"நாளைக்கு வார்டுல பெத்தவங்க காபி குடிக்கற நேரம் இருக்கு. நான் போய்ச் சொல்லப் போறேன்" என்றார். "அக்டோபர்ல இந்த அறையில பேசினதையும் சொல்வேன். நீயும் வந்தா நல்லது."

பிர்கர் வரவில்லை.

வாரம் ஒருமுறை, பிரிவை ஒட்டிய சிறிய சமையலறையில் பெற்றோர்கள் கூடுவார்கள். மெழுகுவத்தி, காபி, பெரித் வீட்டில் சுட்டுக் கொண்டுவரும் இலவங்கப்பட்டை பன். அன்று பெரித் எதுவும் கொண்டுவரவில்லை. யோர்மா சுவரோரம் கைகட்டி நின்றான். ஹெட்விக் வரவில்லை. எஸ்கில் உட்காராமலே சொன்னார். குழாய் எப்போது தீர்ந்தது, எதற்காகப் பேசாமல் இருந்தார், கேட்டிருந்தால் அண்டை ஊரில் கிடைத்திருக்கும் என்பது, எல்லாம். பேசிப் பழகிய மனிதர். ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் கல் தூக்குவதுபோலத் தூக்கி வைத்தார்.

இரட்டைப் பிள்ளை பெற்ற ஒரு பெண் கேட்டாள்: "என் பிள்ளைங்களுக்கு இதனால என்ன ஆகும்?"

"எனக்குத் தெரியாதும்மா. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். இந்தக் குழாய் போட்டு வளர்ந்த எத்தனையோ பேர் நல்லாதான் இருக்காங்க. ஆனா ஒண்ணும் ஆகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. சத்தியம் பண்ண முடியாதுன்னுதான் நானே அதை நிறுத்தினேன்."

"நிறுத்திட்டு மறுபடி வாங்கினீங்க."

"ஆமா."

"அதுக்கு விருதும் வாங்கினீங்க."

"ஆமா."

அந்தப் பெண் அழுதாள். அவளுடைய கணவன் எழுந்து வந்து எஸ்கிலின் முகத்துக்கு நேரே நின்றான், அடித்துவிடுவான்போல. பிறகு என்ன நினைத்தானோ, காபிக் கோப்பையைத் தொட்டியில் வைத்துவிட்டு வெளியே போனான். எஸ்கிலுக்கு அவன் அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

ரூனேவின் பெட்டி சொன்னபடி வந்தது. அதற்கு முன்பே, விஷயம் கேள்விப்பட்டு, தெற்கிலிருந்தும் நார்வே எல்லைப் பக்கத்திலிருந்தும் மருத்துவமனைகள் தாமாகவே குழாய்களை அனுப்பிவிட்டன. வாரக் கடைசியில் பெரித்தின் அலமாரி நிரம்பி வழிந்தது. கிடைக்காது என்று நினைத்து இத்தனை மாதம் அவர் யாரிடமும் கேட்காமலே விட்ட பொருள். எஸ்கில் அந்த அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, மூட மறந்து நின்றார். நிஜமாகவே ஒரு தட்டுப்பாடு இருந்திருந்தால்கூட அவருக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடைத்திருக்கும்.

பத்திரிகையில் வந்தது. "தகவல் பரிமாற்றக் குறைபாடு" என்று பிர்கர் பேட்டி கொடுத்தார். எஸ்கில் நிருபரைக் கூப்பிட்டு, குறைபாடு ஒன்றும் இல்லை, தெரிந்தே செய்தோம் என்றார். அதற்குப் பிறகு பிர்கர் அவரோடு லிஃப்டில்கூடப் பேசுவதில்லை. எஸ்கில் விருதைத் திருப்பி அனுப்பினார். பலகையைத் தானே ஏணி போட்டுக் கழற்றினார். கழற்றும்போது துப்புரவுப் பணியாளர்கள் இருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர்கூடக் கேலி செய்யவில்லை. கேலி நின்றுபோனது அவருக்கு வலித்தது.

ராஜினாமா செய்யவும் போனார். பெரித்தான் தடுத்தாள். அன்பாகத் தடுக்கவில்லை. "ஓடிப் போய் வீட்ல உக்கார்ந்து வெக்கப்படப் போறியா? இங்கயே உக்கார்ந்து வெக்கப்படு. வேலையாவது நடக்கும்" என்றாள். அவர் இருந்தார். இப்போது ஏதாவது ஒரு பொருள் கிடைக்காமல் பழையதை வாங்க நேர்ந்தால், அன்றைக்கே அந்த வார்டுக்குப் போய், பெற்றவர்கள் முன்னால் நின்று வாயால் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் முகம் சிவக்கிறது. அது பழகவேயில்லை.

யோர்மாவின் மனைவி குணமாகி, ஓன்னியை ஏப்ரலில் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். போகும்போது யோர்மா வார்டில் எல்லாருக்கும் கை கொடுத்தான். எஸ்கில் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவன் அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு நடந்தான்.

ஹெட்விக் பல வாரம் அவரைக் கூப்பிடவில்லை. குழந்தைக்கு லோவிசா என்று பெயர் வைத்ததே ஆர்விட் சொல்லித்தான் தெரிந்தது. எஸ்கில் தினமும் வேலை முடிந்ததும் வார்டுக்கு வெளியே பெஞ்சில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். உள்ளே போக அனுமதி கேட்டதில்லை. ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு ஹெட்விக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்பா தினமும் இங்க வந்து உக்கார்ற?"

"சும்மாதான்."

"உன்மேல கோபம் அந்தக் குழாய்க்காக இல்ல" என்றாள். "ஓன்னிக்குக் கொடுக்காதேன்னு சொன்னியே, அதுக்குத்தான். அவன் என் பக்கத்துல படுத்திருந்தான். அவன் மூச்சு விடறது எனக்குக் கேட்டுச்சு. நீ அதைச் சொன்னது எனக்காகன்னு நினைக்கும்போது எனக்கே உடம்பெல்லாம் கூசுது."

எஸ்கில் தரையைப் பார்த்தார். "உனக்காக இல்ல ஹெட்டா. எனக்காகத்தான் சொன்னேன். லோவிசாவுக்கு நல்ல குழாய் போட்டுட்டா நான் தப்பு செய்யாத மாதிரி ஆயிடும்னு நினைச்சேன்."

 அவள் எழுந்து, "கையைக் கழுவிட்டு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஜூனில் லோவிசாவுக்குக் கன்னத்தில் சதை பிடித்துவிட்டது. நடுக்கோடைப் பண்டிகைக்கு முந்தைய நாள், மருந்துக்கடையில் கூட்டம் நெரிந்தது. ஹெட்விக் பால் புட்டிகள் அடுக்கியிருந்த தட்டின் முன்னால் நின்று இரண்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். எஸ்கில் லோவிசாவின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"அப்பா, ரெண்டுலயும் அது இல்ல, இது இல்லன்னு போட்டிருக்கு. எதை வாங்கலாம்?"

முன்பானால் கேள்வி முடியுமுன் பதில் வந்திருக்கும். அவர் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். அடியைத் திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மறுபடி இறக்கினார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "இல்லைன்னு சொன்னதுக்குப் பதிலா என்ன போட்டிருக்காங்கன்னு எதுலயும் சொல்லல. பண்டிகை முடிஞ்சதும் விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

ஹெட்விக் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டையும் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

"சரி, அதுவரைக்கும் கண்ணாடிப் புட்டியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஆர்விட் கேட்டிருந்த கொசு மருந்தைத் தேடி அடுத்த வரிசைக்குப் போனாள். வண்டியில் லோவிசா விழித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். எஸ்கில் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு வழிவிட்டு ஓரமாக நின்றார்.